வலது பக்கம் குறையுது

என் கணவரைக் காப்பாற்றியது ஒரு கார்ட்ரிட்ஜ். இசைத்தட்டின் மேல் ஓடும் முள்ளைத் தாங்கிக்கொண்டிருக்குமே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிப் பெட்டி, அதுதான். அதையும் அதன் உறவுக்கார சாமான்கள் அத்தனையையும் நான் திட்டாத நாள் இருந்ததில்லை. இப்போது அதன் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று நானே குனிந்து பார்க்கிறேன். நன்றி என்பது மனிதர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அவர் லிஃப்ட் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனையும் நானேதான். கல்யாணமான புதிதில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய டர்ன்டேபிள். பாவம், மனுஷருக்குப் பொழுதுபோக்கு வேண்டாமா என்று விட்டேன். விட்டது தப்பு. இன்று எங்கள் முன்னறையில் இரண்டு நாற்காலிக்கு மட்டும்தான் இடம். மற்ற இடமெல்லாம் டர்ன்டேபிள்கள். ரப்பர் பெல்ட்டில் சுற்றுவது, மோட்டாரே நேராகச் சுற்றுவது, ஆட்டுக்கல் கனத்துக்கு ஒன்று, யாரோ வானொலி நிலையத்திலிருந்து கழித்துப்போட்டதாக ஒன்று. என் துணிமணி கட்டிலுக்கடியில் பெட்டிகளில் கிடக்கிறது. என் அலமாரியில் டோன் ஆர்ம்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. கார்ட்ரிட்ஜைத் தட்டின் குறுக்கே கொண்டுபோகும் மெல்லிய குழாய்க் கைதான் டோன் ஆர்ம். நேராக ஒன்று, வளைந்தது ஒன்று, மரத்தில் ஒன்று. பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல ஒவ்வொன்றுக்கும் மெத்தென்ற துணி.

இவற்றுக்குச் சட்டதிட்டங்களும் உண்டு. தட்டு சுற்றும்போது செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, முள் துள்ளிவிடும். வாஷிங் மெஷினைப் போடக் கூடாது, தரை அதிரும். கடையில் நான் கண்ணாடிச் சட்டத்துக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர் காணாமல் போனால் தேடக் கூடாது. அது எங்கே இருக்கும் என்று தெரிந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தட்டு போடுவார். அவர் ஒரு நாற்காலியில், அவருக்கு வலப்பக்கம் நான். மடியில் வாடிக்கையாளர்களின் கண்ணாடிச் சட்டங்களைப் போட்டுக்கொண்டு திருகு முடுக்குவேன். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. "இந்த வீட்ல மனுஷங்க துணி வைக்க ஒரு அலமாரி கிடையாது" என்று முணுமுணுப்பேன். "கட்டிலுக்கடியில ரெண்டு பெட்டி இருக்கே, அது பத்தாதா?" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே. நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, தட்டின் ஒரு பக்கம் முடிந்துவிடும். எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடியது.

போன வருடம் திடீரென்று அவர் பதில் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் என்ன முணுமுணுத்தாலும் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். வயசு ஏற ஏறப் பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்து எனக்கு உச்சி குளிர்ந்தது. என் அக்காவிடம் ஃபோனில் பெருமை அடித்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு புது ராகம் பாட ஆரம்பித்தார். "வலது பக்கம் குறையுது."

இரண்டு ஸ்பீக்கர்களில் வலப்பக்கத்தது கொஞ்சம் மங்கலாகக் கேட்கிறதாம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உனக்குத் தெரியாது, மயிரிழை அளவுதான் என்றார். முதல் சந்தேகம் கார்ட்ரிட்ஜ் மேல். அவர் ஆசை ஆசையாக வாங்கியது, அது போனால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. அதன் வால்பக்கத்து ஒயர்களை இடம் வலம் மாற்றிச் செருகிப் பார்த்தார். அப்போதும் வலது பக்கம்தான் குறைந்தது. அப்படியானால் கார்ட்ரிட்ஜ் மேல் குற்றமில்லை என்று அதை விடுதலை செய்துவிட்டு டோன் ஆர்மைப் பிடித்தார். சுழலும் தட்டு முள்ளை உள்பக்கமாக இழுக்குமாம், அதைச் சமாளிக்க நூலில் ஒரு குண்டுமணி எடை தொங்கும். அதை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். ரசமட்டத்தை வைத்து மேசையின் கால்களைச் சரி பார்த்தார். டர்ன்டேபிளை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். எதை மாற்றினாலும் வலதுதான் குறைந்தது.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அவருக்கு நான் வைத்த பெயர் கிராம்காரர். முள் தட்டை எவ்வளவு அழுத்துகிறது என்று நிறுத்துப் பார்க்கும் குட்டித் தராசு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். எங்கள் வீட்டில் டீயில் போடும் சர்க்கரையைக்கூட அதில் நிறுத்துப் பார்த்தவர். இருவருக்கும் உள்ளுக்குள் ஒரு பகை இருந்தது. மூடப்போகும் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பழைய சாமான்களைப் பார்க்க இருவரும் சேர்ந்து போனபோது, ஒரு ஒற்றைத்தட கார்ட்ரிட்ஜ் கண்ணில் பட்டது. இடம் வலம் என்று ஒலியைப் பிரிக்கத் தெரியாத காலத்தில் செய்தது, தேடினாலும் கிடைக்காதது. இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அவர் எடுத்துப் பையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இவர் கேட்க, அவர் மறுக்க, விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான்.

கிராம்காரர் வந்து உட்கார்ந்து கேட்டார். தனக்கு இரண்டு பக்கமும் சமமாகத்தான் கேட்கிறது என்றார். உன் காதை நம்ப முடியாது, நீ சின்ன வயசில் பஞ்சாலை இரைச்சலில் வேலை பார்த்தவன் என்று இவர் அவரை வாயடைத்து அனுப்பிவிட்டார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். குற்றவாளி அறைதான். வலப்பக்கத்து ஜன்னல் திரை ஒலியைக் குடிக்கிறது. திரையைக் கழற்றினார். அடுத்த வாரம் வலப்பக்கச் சுவரை இடித்து இரண்டடி தள்ளிக் கட்டுவதைப் பற்றிக் கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுமை போனது அப்போதுதான். கொத்தனாரை அனுப்பிவிட்டு எதிரே வந்து நின்றேன்.

"முள்ள மாத்தியாச்சு, கைய மாத்தியாச்சு, ஸ்பீக்கர மாத்தியாச்சு. எல்லாத்தையும் மாத்திப் பாத்தீங்க. உங்கள மாத்திப் பாத்தீங்களா?"

அவர் விழித்தார். நானும் கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் சொன்னவுடனே என் கடை நினைவுக்கு வந்தது. கண்ணில் கோளாறு இருப்பவர்கள் முதலில் கண்ணாடியைக் குறை சொல்வார்கள், அடுத்து கடையைக் குறை சொல்வார்கள், கடைசியில்தான் கண்ணைக் காட்டுவார்கள். ஒரு கண்ணை மூடச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அவர் நாற்காலியைப் பிடித்து இழுத்து அப்படியே திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். இப்போது அவர் பழி சொன்ன ஸ்பீக்கரும் ஜன்னலும் சுவரும் அவருக்கு இடப்பக்கம். அறை மேல் குற்றமென்றால் இடது பக்கம்தான் குறைய வேண்டும். தட்டைச் சுழலவிட்டு முள்ளை நானே இறக்கினேன். அதைத் தொட என்னை அவர் விட்டது அதுதான் முதல் தடவை.

பாட்டு ஓடியது. அவர் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு வலது காதைக் கையால் பொத்தினார், எடுத்தார், மறுபடி பொத்தினார்.

"வலது பக்கம்தான் குறையுது" என்றார் மெதுவாக.

அவருடைய பக்குவம் எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே விளங்கிவிட்டது. ஒரு வருடமாக அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து நான் முணுமுணுத்தது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

காது டாக்டர் ஒரு அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். காது நரம்பில் ஒரு சின்னக் கட்டி. புற்று இல்லை, ஆனால் வளர்கிற கட்டி. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை எப்படிக் கவனித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "கார்ட்ரிட்ஜ் மேல சந்தேகம் வந்துச்சு டாக்டர்" என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னேன். பொதுவாக இது பெரிதாகி, தள்ளாடி நடந்து, முகம் ஒரு பக்கம் மரத்துப்போன பிறகுதான் வருவார்கள், நீங்கள் ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். எடுத்துவிடலாம், உயிருக்கும் நடைக்கும் முகத்துக்கும் பயமில்லை. வலது காது கேட்குமா என்று மட்டும் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

கேட்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, முகம் கோணவில்லை, நடை தடுமாறவில்லை. வலது காது மட்டும் மூடிக்கொண்டது. உயிரோடு திரும்பக் கொடுத்தார்களே என்று நான் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அவரும் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்தவர் முன்னறைக்குள் போகவில்லை. டர்ன்டேபிள்கள் மேல் போர்வையைப் போட்டு மூடினார். ஒரு காதில் கேட்டால் கச்சேரியில் பாதிப் பேர் வெளியிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். தெரிந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடலாம், உனக்கும் அலமாரி கிடைக்கும் என்றார். இத்தனை வருடம் நான் கேட்டது அதுதான். அது கிடைக்கிறது என்றபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்போல் இருந்தது.

கிராம்காரருக்கு ஃபோன் செய்தேன். அடுத்த ஞாயிறு வந்து நின்றார். யாரையும் கேட்காமல் முன்னறைக்குள் போய் ஒரு போர்வையை விலக்கினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். எனக்கே தெரிந்துவிட்டது, அந்த ஒற்றைத்தட கார்ட்ரிட்ஜ்தான். டோன் ஆர்மில் அதைப் பொருத்த என் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டார், கொடுத்தேன். இவர் கதவோரம் நின்று பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"இடம் வலமே தெரியாத சாமான் இது" என்றார் கிராம்காரர். "ரெண்டு காது வச்சிருக்கிற எனக்கு எதுக்குய்யா? இது உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

இவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே வந்து குனிந்து, "எத்தன கிராம் வச்ச?" என்று கேட்டார். கிராம்காரர் ரொம்பப் பெருமையாகத் தராசை எடுத்தார். இருவரும் முள்ளை நிறுத்தார்கள், இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிறுத்தார். கீழ்த்தட்டில் வருடக்கணக்காகத் தீண்டாமல் கிடந்த ஒற்றைத்தட இசைத்தட்டுகளிலிருந்து ஒன்றை உருவினார். பாடகர், தபேலா, வயலின் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து, ஒரே வழியாக வந்தார்கள். யாரும் வெளியில் நிற்கவில்லை. "முழுசா இருக்கு" என்றார் இவர். "எதுவும் குறையல."

கிராம்காரர் கிளம்பும்போது வாசல்வரை போய்க் கும்பிட்டேன். எதற்குத் தங்கச்சி இதெல்லாம் என்று கூச்சப்பட்டுக்கொண்டே படியிறங்கினார்.

திரும்பி வந்து என் நாற்காலியைத் தூக்கி அவருக்கு இடப்பக்கம் போட்டேன். மடியில் கண்ணாடிச் சட்டங்களை வைத்துக்கொண்டு திருகு முடுக்க ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே செய்யவில்லை, பழக்கதோஷம், வாய் தானாக முணுமுணுத்தது. இந்த வீட்டில் மனுஷர்கள் துணி வைக்க ஒரு அலமாரி கிடையாது.

"கட்டிலுக்கடியில ரெண்டு பெட்டி இருக்கே, அது பத்தாதா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

கையிலிருந்த திருகு நழுவித் தரையில் ஓடியது. நான் தேடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அடுத்ததை ஆரம்பித்தேன். ஒரு வருடத்துப் பாக்கி இருந்தது.