இரண்டு சகலைகளும் எண் இல்லாத முள்ளும்

அந்த மழைக்காலத்தில் பஸ் டிரைவர், கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய சகலையான கொத்தனார், நேற்றுக் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொன்னார். காரணம் எங்கள் தெருவுக்கே தெரியும். அக்காளையும் தங்கையையும் கட்டிய அந்த இருவருக்கும் மாமனார் ஒரே மாதிரியான இரண்டு பழைய பாக்கெட் கடிகாரங்கள் கொடுத்திருந்தார். அழுக்கு எடுக்கக் கொடுத்த இடத்தில் கடிகாரக் கடைக்காரர் இரண்டையும் பிரித்து, ஒரே கிண்ணத்துப் பெட்ரோலில் போட்டு அலசிவிட்டார். மற்ற பாகங்களில் கடிகாரத்தின் எண் பொறித்திருக்கும்; கலந்தாலும் பிரித்துவிடலாம். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன எஃகு முள், ரெகுலேட்டர் என்பார்களே, அதில் மட்டும் எண் கிடையாது. இதனுடையது அதற்குப் போய்விட்டது.

கடிகாரங்கள் ஒழுங்காகத்தான் ஓடின. ஆட்கள்தான் நகர்ந்து போனார்கள், டிரைவர் முன்னே, கொத்தனார் பின்னே. வாரத்துக்கு வாரம் இடைவெளி கூடியது. கை காட்டுவதற்கு முன்பே பஸ் நின்றதில் யாருக்கும் நஷ்டமில்லை. கொத்தனார் பூசி முடித்த சுவரில் செங்கல் வைக்க இடம் தேடுவார். கூட வேலை செய்தவர்கள் அவரைக் கையைப் பிடித்து அடுத்த சுவருக்குக் கூட்டிப் போகப் பழகிக்கொண்டார்கள். கொத்தனாரைக் கட்டிய தங்கைதான் தண்ணீர்க் குழாயடியில் புலம்புவாள்: "முந்தாநாள் உப்புக்கு இன்னைக்கு மூஞ்சியத் தூக்குறாரு. எந்த நாள் சட்டியிலேருந்து நான் உப்ப எடுக்குறது?"

குளிர் தொடங்கிய பிறகு ஒரு காலையில் டிரைவர் மேசையில் ஒரே ஒரு தட்டை வைத்தார். மனைவி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. சாப்பிடாமல் எழுந்துபோய், அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கி, அந்தப் பெட்டிமேல் தலை சாய்த்து அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவருடைய நாளில் அந்தக் கை இல்லை. தான் சாகப்போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தங்கை கேள்விப்பட்டதும், இரண்டு கடிகாரங்களையும் அக்காளையும் இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். முள்ளை மாற்றினால் அக்காள் தங்கிவிடுவாள் என்று நம்பினாள். கடைக்காரர் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். முள் வருஷக்கணக்கில் படுத்திருந்த இடத்தில், தகட்டின் பொன்முலாம் மங்காமல் ஒரு கோடாக நின்றது. ஒன்றில் ஒல்லிக் கோடு, ஒன்றில் தடித்த கோடு. ஒல்லிக் கோட்டின்மேல் தடித்த முள் கிடந்தது. தப்பு தன்னுடையதுதான், இப்போதே மாற்றித் தருகிறேன் என்று இடுக்கியை எடுத்தார்.

"மாத்துனா நான் இருப்பேனா?" என்று அக்காள் கேட்டாள்.

"முள்ளு ஆளத்தாம்மா திருப்பும். வர்றதத் திருப்பாது."

அக்காள் கடிகாரங்களைக் கையால் மூடினாள். "அப்ப விட்டுடுங்க. அவரு பாதிக்குமேல அழுது முடிச்சிட்டாரு. இப்பப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா, மறுபடி மொதல்லேருந்து அழணும்."

"எம் புருஷன் கதி என்னக்கா?"

"அவரு பின்னாடிதானடி இருக்காரு. அங்க நான் இருப்பேன்ல."

தங்கை கொத்தனாரின் கடிகாரத்தைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோடையில் காய்ச்சல் கண்டு அக்காள் இறந்தாள். டிரைவர் சலவைச் சட்டையோடு வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லி அனுப்பினார்; அவர் கண்ணில் ஈரமில்லை, ஒருவரும் அதைத் தப்பாக எடுக்கவில்லை. கொத்தனாரை அந்தச் சாவு இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை, அவர் பின்னால் போகிற வேகம் அப்படி. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், "வாங்க அண்ணி, உக்காருங்க" என்று முக்காலியை நகர்த்திப் போடுகிறார். தங்கை மூன்று டம்ளரில் டீ ஊற்றுகிறாள். மூன்றுமே காலியாகத்தான் திரும்பும். மூன்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் விளக்குப் போடுகிறாள்.