ஹார்லனைப் போய்ப் பார்க்காத சனிக்கிழமை

சவப்பெட்டியில் லீலண்டின் டை கோணலாக இருந்தது. வெர்னா குனிந்து சரிசெய்துகொண்டிருந்தபோது நாத்தனார் ஹேசல் வந்து காதோடு சொன்னாள்.

"செனட்டர் ஹார்லன் வந்திருக்கார். அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணுமாம்."

"எந்த முகத்தோட வந்தாராம்?"

"மெதுவா. பாதிரியார் இருக்கார்."

போன வசந்தத்தில் ஆளுநர் லீலண்டை மாவட்ட நீதிபதியாக முன்மொழிந்தார். மாநில செனட் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன் சொந்த மாவட்டத்து செனட்டர் ஆளைக் கூடவே அழைத்துப்போய் செனட் குழுவின் முன் நிறுத்தி, 'இவர் எங்கள் ஆள்' என்று சொல்ல வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் அவர் வாயைத் திறக்காவிட்டால் பெயரைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள், ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள். ஹார்லன் திறக்கவில்லை. கூட்டத்தொடர் முடிந்ததோடு லீலண்டின் பெயரும் செத்துப்போனது. அதன்பிறகு அவன் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடையில் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். முந்தாநாள் வாசலில் பனி வாரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

ஹார்லன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். ஹேசலும் வெர்னாவோடு வந்தாள்.

"அன்னிக்கு அவன் பேரைச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. இன்னிக்கு எதுக்கு?" என்றாள் வெர்னா.

"நான் காத்துக்கிட்டிருந்தேம்மா. பேரு அறிவிச்சதும் அந்த ஆளுங்க என்னை ஒரு எட்டு வந்து பார்ப்பாங்க. ஒரு காபி குடிப்போம், அவ்வளவுதான். எங்கப்பா செனட்டரா இருந்த காலத்துலேருந்து எல்லாரும் வந்திருக்காங்க. லீலண்ட் மட்டும் வரல. என்னை மதிக்கலன்னு நெனச்சேன். நானாவது ஒரு போன் போட்டிருக்கலாம்."

லீலண்ட் கிளம்பத்தான் செய்தான். ஒரு சனிக்கிழமை, கோட்டைப் போட்டுக்கொண்டு, கார் சாவியும் கையுமாக.

"போய்க் கும்பிடு போடப்போறியா? உனக்குத் தகுதி இருக்கு. அந்த ஆள் வாசல்ல போய் நிக்காதே," என்று அவள்தான் தடுத்தாள். அவன் சாவியை மேசைமேல் வைத்தான். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டான். அன்று அவளுக்கு அவனை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

"போய்ப் பேசுங்க," என்றாள் ஹார்லனிடம்.

அவர் பழக்கதோஷத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், ஆளை அறிமுகம் செய்கிறவரைப் போலவே நின்றார்.

"இவர் லீலண்ட். எங்க மாவட்டத்துக்காரர். இவரைவிட நியாயமான ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை."

கூட்டம் தலையாட்டியது. ஹேசல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு காபிதானே. அண்ணன் ஏன் போகல வெர்னா? உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

வெர்னா வாயெடுத்தாள்.

"அவன் வீம்பு உனக்குத் தெரியாததா," என்றாள்.

ஹேசல் தலையசைத்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.