துடைக்காத இடம்

பிற்பகல் இரண்டு ஐம்பது. நான்கு மணிக்கு அவள் குழு உருவாக்கிய புதிய கணினி நிரல்மொழி வெளியே போகிறது. போன பிறகு அதில் ஒரு பெயரைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் அதை நம்பி எழுதியவர்களின் நிரல்களெல்லாம் படுத்துவிடும்.

அதில் ஒரு வேலையை மட்டும் செய்து தரும் செயற்கூறு ஒன்று அவள் எழுதியது; அதன் பெயர் 'புது_இடம்'. நிரல் கேட்டால் கணினியின் நினைவகத்தில் இடம் பிடித்துக் கொடுக்கும். கொடுப்பது புது இடமல்ல. வேறொரு நிரல் இருந்துவிட்டுக் காலி செய்தது. அது எழுதியதெல்லாம் அப்படியே கிடக்கும். துடைக்க நேரமாகும் என்று துடைப்பதில்லை.

சோதனைப் பதிப்பை வாங்கிய மருத்துவமனை பெயரை நம்பிவிட்டது. கண் பரிசோதனைக்கு வந்த அறுபது வயது ஆணின் கடிதத்துக்கு அடியில், முந்தைய நோயாளியின் மிச்சம் ஒட்டிக்கொண்டு, அவர் மூன்று மாதக் கர்ப்பம் என்று அச்சாகி வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதியது அவள்தான். இன்னொரு முறை எழுத அவளுக்குத் தெம்பில்லை.

தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காவிடம், வேறு பெயர் கிடைக்கவில்லை என்று மதியம் போனில் புலம்பினாள்.

"இதுக்கா மண்டையை உடைச்சுக்கறே? காலின்னு சொல்லிச் சாவி கொடுத்தா திட்டு எனக்குத்தான்டி. 'போர்வை மாத்தலை'ன்னு சாவியிலேயே அட்டை கட்டி வெச்சிருக்கேன்."

அங்கிருந்துதான் 'துடைக்காத_இடம்' என்ற மாற்றுப் பெயர் வந்தது.

குழுத் தலைவருக்கு அலுவலகத்தில் மூணெழுத்து என்று பட்டப்பெயர். அதற்கு மேல் நீளும் பெயர் அவருக்கு ஊதாரித்தனம்.

"இப்படிப் பேர் வெச்சா யாரும்மா தொடுவாங்க? சாப்பிட்டுப் போன மேசை மாதிரி இருக்கு."

"யோசிச்சுட்டுத் தொடட்டும், சார்."

"விளக்கக் குறிப்புல ஒரு எச்சரிக்கை போட்டா முடிஞ்சுது."

"போட்டிருக்கு. சிவப்புல."

"எங்கே?"

"நீங்க கையெழுத்துப் போட்ட பக்கத்துல."

மூணெழுத்து தண்ணீர் குடித்தார். மறுப்பவர் மாற்றுப் பெயர் தரவேண்டும் என்பது குழுவின் விதி. அவர் பலகையில் 'எடு' என்று எழுதினார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. 'இடு' இருந்தது. 'விடு' இருந்தது. மூன்றும் அவரே வைத்தவை.

"சரி, உன் இஷ்டம்," என்று பலகையை அழித்தார். மணி மூன்று முப்பத்திரண்டு.

மொழியோடு போகும் மாதிரி நிரல்களை எழுதுகிறவர் மூலை மேசைக்காரர். மொழியைக் கற்க வருகிறவர்கள் குறிப்பைப் படிப்பதில்லை. இவர் எழுதியதை வரி பிசகாமல் காப்பியடிப்பார்கள். நூற்றுப்பன்னிரண்டு மாதிரிகளிலும் பெயரை மாற்றச் சொல்லியிருந்தாள். நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போய் நின்றாள்.

"எல்லாம் மாத்திட்டேன்மா. ஒண்ணு விடலை." திரையை அவள் பக்கம் திருப்பினார். "பேர் கொஞ்சம் நீளம், வரி மடங்கி அசிங்கமா இருந்துச்சு. அதனால ஒவ்வொண்ணுலயும் முதல் வரியில மட்டும் உன் பேர். அங்கேயே அதுக்குச் செல்லப்பேர் ஒண்ணு கொடுத்துட்டேன். கீழே முழுக்க அதுதான்."

அவள் குனிந்து பார்த்தாள். கீழே முழுக்கப் 'புது_இடம்'.

"பழகின பேராச்சேன்னு வெச்சேன். அனுப்பியாச்சு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "ஆமா, கேக்கணும்னே இருந்தேன். புதுசுன்னா, உள்ளே சுத்தமாத்தானே இருக்கும்?"