கைமாத்துப் பிள்ளைகள்

நாட்டின் எதிர்காலம் வகுப்பறையில் உருவாவதில்லை. தொழிற்கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அது உள்ளே நுழைகிறது. இந்த வாசகத்தைப் பத்தடி ஃப்ளெக்ஸில் அடித்து, பசுவந்தனை ரோட்டில் இருந்த தன் தீப்பெட்டி ஆலையின் முகப்பில் கட்டியிருந்தார் நவநீதகிருஷ்ணன். ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் ஒரு ஷட்டர் இருந்தது. அதைத் திறந்து ரெண்டு வருஷமாகிறது. துருவை மறைக்கப் பத்தடி தேவைப்பட்டதால் வாசகமும் அதற்குத் தக்கபடி நீண்டுவிட்டது.

விஷயம் இதுதான். மாணவர்களை வேலைக்குத் தயார்செய்யும் முதலாளிகளுக்கு விருது கொடுக்கப் போவதாக அந்தப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்று அறிவித்திருந்தது. கேடயம், சால்வை, மேடை எல்லாம் உண்டு. நவநீதகிருஷ்ணனிடம் சால்வைகள் பீரோ நிறையக் கிடந்தன. அவர் கண் வேறொன்றின் மேல். விருது வாங்கும் ஆலைக்கு அடுத்த மே மாதம் கல்லூரியே மாணவர்களை அனுப்பி வைக்குமாம். அந்த வரியை அவர் ரெண்டு தடவை படித்தார்.

ஏனென்றால் மே மாதம் என்றாலே அவருக்குப் பிள்ளைகள்தான். ஒரு காலத்தில் மே பிறந்துவிட்டால், காலை எட்டு மணிக்கு எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வரும் பஸ் ஆலை வாசலில் நின்று ஒரு மாணவர் கூட்டத்தை இறக்கிவிட்டுப் போகும். இன்பிளான்ட் ட்ரெய்னிங் என்று பேர். சுற்றிலும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஊரே அண்ணாந்து பார்த்து மழை கேட்கும்போது தீப்பெட்டிக்காரர்கள் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். குச்சி காய்வது அந்த வெயிலில்தான். அந்த வெயிலில் பையன்கள் தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடுவார்கள். பெண்பிள்ளைகள் தூக்குவாளியைத் திறந்தால் கருவாட்டு வாசம் தீக்குச்சி மருந்து வாசத்தை அமுக்கிவிடும். முத்துசெல்வம் என்று ஒருவன் மெழுகுத் தொட்டிக்குள் கைக்கடிகாரத்தைப் போட்டுவிட்டு அன்று முழுக்க ஆள் ஆளாய் மணி கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் போன் போடுவான். விளாத்திகுளத்துப் பிள்ளை யோகலட்சுமி ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் சாக்கில் மிளகாய் வத்தல் கொண்டுவரும். அது வந்து போன மறுநாள் ஆபீஸில் எல்லோரும் தும்முவார்கள்.

கடைசி நாளில் புரோட்டா வாங்கிப் போடுவார். சால்னா பக்கெட்டை அவரே தூக்கிக்கொண்டு வரிசையில் வருவார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் ஆலைக்குள் கனமாக எதையாவது தூக்குவது.

பயிற்சி முதல் நாளே ஆரம்பித்துவிடும். பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தான் எப்படி உழைத்து மேலே வந்தேன் என்று சொல்வார். தீப்பெட்டிப் பண்டலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விளாத்திகுளம் வரை மிதித்த கதை. முதல் வருஷம் வெறும் சைக்கிள்தான். அடுத்த வருஷம் டயர் பஞ்சரானது. அதற்கடுத்து மழை வந்தது. கடைசியாக வந்த பிள்ளைகளுக்குச் சொன்னபோது ரோட்டின் குறுக்கே ஒரு பாம்பும் படுத்திருந்தது. அவருடைய அப்பாவிடம் அந்தக் காலத்திலேயே ஒரு வேன் இருந்தது என்பதற்கு மட்டும் கதையில் எப்போதும் இடம் கிடைக்காது. கதை முடிவதற்குள் டீ வந்துவிடும். டீ குடித்த பிறகு சூப்பர்வைசர் பேபி வந்து பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போவாள். மே முடியும்போது அவர்கள் வேலை தெரிந்தவர்களாக வெளியே வருவார்கள். மரத்தடிக் கதையின் பலன் அது என்பதில் நவநீதகிருஷ்ணனுக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

இப்போது யார் வருகிறார்கள்? வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு, போனைப் பார்த்தே வேலைக்குத் தயாராகிவிடும் வசதி வந்துவிட்டது. மூன்று மே மாதங்கள் வேப்பம்பூ மட்டும் உதிர்ந்து கிடந்தது.

பங்குனியில் ஒரு நாள், விருதுக்குழு மறுநாள் காலை வருவதாகத் தகவல் வந்தது. பயிற்சியில் இருக்கும் மாணவர்களைப் பார்க்க வேண்டுமாம். ஆலையில் ஒரு மாணவன் கிடையாது. பேக்கிங்கையும் மெஷினையும் ஆபீஸையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த பேபி, இப்பவே வர வேண்டாம்னு சொல்லிடலாமே என்றாள். நவநீதகிருஷ்ணன் பக்கத்து ஆலை பூவனலிங்கத்துக்குப் போன் போட்டார்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ரெண்டு ஆலைக்கும் நடுவே உள்ள மதில் கட்டும்போதே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விட்டுக் கட்டியிருந்தார்கள். வடக்கே போகும் லோடு அவசரம் என்றால் இந்த ஆலைப் பெண்கள் அந்தச் சந்து வழியாக அங்கே போவார்கள். அங்கே உள்ளவர்கள் மறுவாரம் இங்கே வருவார்கள். அவசரத்துக்குப் பணம் கொடுத்து வாங்குவதுபோல ஆளைக் கொடுத்து வாங்குவது. கைமாத்து. கொடுத்தவனுக்குப் பெருமை, வாங்கினவனுக்கு நன்றி. பொய் என்ற பேச்சே அதில் கிடையாது.

பூவனலிங்கம் மறுபேச்சுப் பேசவில்லை. அஞ்சு பெண்பிள்ளைகள் இருப்பதாகவும், காலையில் அனுப்புவதாகவும், மதியத்துக்கு முன்னால் மட்டும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். எதற்கு என்று இவர் கேட்கவில்லை. கைமாத்தில் அதைக் கேட்பது மரியாதையில்லை.

மறுநாள் காலை அஞ்சு பேரும் சந்து வழியாக வந்தார்கள். பழைய மே மாதமே பாவாடை தாவணியை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது அவருக்கு. பீரோவில் கிடந்த ஆலைப் பேர் போட்ட தொப்பிகளை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். மரத்தடியில் உட்கார வைத்தார். சைக்கிள் கதையை எடுத்தார். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததில் பாம்பு படமே எடுத்துவிட்டது. அஞ்சு பேரில் வாயாடியாகத் தெரிந்த இசக்கிச்செல்வி, “பொறவு என்னாச்சு அண்ணாச்சி?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளும் ஆலையை மூடாமல் வைத்திருந்தோமோ என்று அவருக்குத் தோன்றியது.

குழு வந்தது. தலைவி ரேணுகாதேவி பாலிடெக்னிக்கில் துறைத்தலைவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கதை பாதியில் இருந்ததால் அவரும் நின்று கேட்க வேண்டியதாயிற்று. பாம்பு போன பிறகு பார்வையிட்டார், டீயை ஒதுக்கினார், அடுத்த ஆலையையும் பார்க்க வேண்டும் என்று காரில் ஏறினார்.

அடுத்த ஆலை பூவனலிங்கத்தினுடையது. அவரும் விண்ணப்பித்திருந்தார்.

கார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் பிள்ளைகள் சந்து வழியாக ஓடிவிட்டார்கள். ஓடுகிற அவசரத்தில் தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நவநீதகிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிச் சந்தில் நுழைந்து போனார்.

ரேணுகாதேவி தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூவனலிங்கம் முகத்தில் வெட்கம் கொஞ்சமும் இல்லை. “அண்ணாச்சிக்குக் கைமாத்தா குடுத்திருந்தேன், மேடம். லோடு நாள்ல நாங்க செய்யுததுதான்,” என்று விளக்கிக்கொண்டிருந்தார். தன் தாராளத்துக்குத் தனியாக ஒரு விருது தருவார்களோ என்ற நம்பிக்கைகூட அந்தக் குரலில் இருந்தது.

ரேணுகாதேவி பிள்ளைகள் பக்கம் திரும்பி, உண்மையில் யாரிடம் பயிற்சி எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

இசக்கிச்செல்வி மற்ற நாலு பேரையும் பார்த்தாள். “யார்கிட்டயும் இல்ல மேடம். பயிற்சி முடிச்சதா லிங்கம் அண்ணாச்சி சர்டிபிகேட்ல சீல் போட்டுத் தருவாவன்னு கேள்விப்பட்டு நேத்து வந்தோம். ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கன்னு சொன்னாவ. இருந்தோம்.”

“இங்க என்ன கத்துக்கிட்டீங்க?”

“இங்கன இன்னும் சீலே போடல.”

“அங்க?”

“அங்கன கதை கேட்டோம்.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “கதை நல்லா இருந்துச்சு மேடம்.”

பூவனலிங்கம் கூரையைப் பார்த்தார். ரேணுகாதேவி கையிலிருந்த பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். அவ்வளவுதான் என்று நவநீதகிருஷ்ணனுக்கு விளங்கிவிட்டது. கேடயம் போனதில் அவருக்கு ஒன்றுமில்லை. அந்த எட்டு மணி பஸ் இனிமேல் நிற்காது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஃப்ளெக்ஸில் இருந்த வாசகம், மேடைக்காக மனப்பாடம் செய்திருந்த உரை எதுவும் வாய்க்கு வரவில்லை.

“விருது வேண்டாம், மேடம்,” என்றார். “யாருக்கு வேணும்னாலும் குடுங்க. பிள்ளைகளை மட்டும் அனுப்புங்க. சத்தமே இல்லாமக் கிடக்கு.”

ரேணுகாதேவி அவரைக் கண்ணாடி வழியாகவே நேராகப் பார்த்தார். பிறகு தன் கல்லூரியிலேயே வேறு துறையில் படிக்கும் அந்த அஞ்சு பேரையும் பார்த்தார். சீல் வாங்க வந்த தண்டனையாக, மே மாதம் முழுக்க அந்த அஞ்சு பேரும் நவநீதகிருஷ்ணன் ஆலைக்கே வந்து வேலை கற்க வேண்டும் என்று சொன்னார். அவருக்கும் ஒரு நிபந்தனை போட்டார்.

“கதை சொல்லக் கூடாது. மெஷினை ஓட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுக்கணும். முதல் நாள் நானே வந்து பார்ப்பேன்.”

“முப்பது வருஷமா அதைத்தானே மேடம் செய்யுதேன்,” என்றார் நவநீதகிருஷ்ணன். மனமறிந்து சொன்ன பொய் இல்லை அது. நினைவில் அப்படித்தான் இருந்தது.

ஏப்ரல் முழுக்க ஆலை கல்யாண வீடாக இருந்தது. ஷட்டரைக் கிரீஸ் போட்டுத் திறந்தார்கள். மரத்தடியைக் கூட்டி, குடிக்கப் புதுப் பானை வைத்தார்கள். ஃப்ளெக்ஸைக் கழற்றி, எழுத்து கீழே பார்க்க மரக்கட்டைகளின் மேல் விரித்தார்கள். எதிர்காலம் அங்கே குப்புறப் படுத்திருந்தது. மாசக் கடைசியில் பேபி வந்து தயங்கி நின்றாள். விளாத்திகுளத்தில் மகளுக்கு வளைகாப்பு. பிள்ளைகள் வருகிற நாளன்றே விழுந்துவிட்டது. வேண்டுமானால் சம்பந்தி வீட்டில் பேசித் தேதியை மாற்றச் சொல்கிறேன் என்றாள்.

நவநீதகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்தது. “நல்ல காரியத்தைப் போய் மாத்துவாவளா? போயிட்டு வா பேபி. பிள்ளைகளை நான் பார்த்துக்கிடுதேன்.”

பேபி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “சீக்கிரம் வீட்டுக்குப் போ, பஸ் வந்திரும்,” என்று அவர் அனுப்பிவிட்டார்.

எட்டு மணிக்கு எப்போதும்வென்றான் பஸ் வந்து நின்றது. அஞ்சு பேர் இறங்கினார்கள். தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் கேட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னாலேயே ரேணுகாதேவியின் காரும் வந்தது. நவநீதகிருஷ்ணனின் கால் தானாக வேப்பமரத்தைப் பார்த்து நடந்தது. நிபந்தனை ஞாபகம் வந்ததும் திரும்பி, எல்லோரையும் ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். குச்சி அடுக்கும் மெஷினைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். இசக்கிச்செல்வி முன்னால் வந்து துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஒருத்தியும் போனை எடுக்கவில்லை.

“ஓட்டிக் காட்டுங்க, அண்ணாச்சி,” என்றாள்.

நவநீதகிருஷ்ணன் மெஷினை ஒரு முறை சுற்றி வந்தார். நின்றார். மறுபடியும் ஒரு முறை சுற்றி வந்தார்.

மெஷினை எங்கே அமுக்கினால் ஓடும் என்று அவருக்குத் தெரியாது.