தோளில் கிடந்த கை

பட்டாபிராம் ரயில் நிலையச் சுவரில் தன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தபோது உத்தமன் போதையில் இருந்தான். நடைமேடையில் குடித்துக் கிடந்த தம்பி செத்துப்போய்விட்டான் என்று ஊரை நம்பவைத்து, அண்ணன் கார்த்திகேசன் அப்பாவின் வீட்டை விழுங்கிவிட்டிருந்தான். படத்தில் உத்தமனின் தோள்மேல் ஒரு கை கிடந்தது. அருகில் நின்ற தன் உருவத்தை வெட்டச் சொன்ன அண்ணன் பாவி, தன் கையை வெட்டச் சொல்ல மறந்திருந்தான்.

கரித்துண்டை எடுத்துப் போஸ்டருக்குக் கீழே உத்தமன் எழுதினான்: ‘இந்தக் கை யாருடையது தெரியுமா?’

ரயிலுக்கு வந்தவர்கள் நின்று படித்தார்கள். மிச்சக் கதையையும் எழுதிவிட வேண்டுமென்று அவனுக்கு வெறி பிடித்தது. குடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போனது, ஒருவரும் நிற்கவில்லை. அதனால் குடியை விட்டான். உடம்பு உதறியது, குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தான். அண்ணனைத் திட்டிக்கொண்டே எழுதினான்.

சுவரைப் படித்த லாவண்யா, கரையான்சாவடியிலிருந்த தன் அச்சகத்தில் அவனுக்கு அஞ்சலி வாசகம் எழுதும் வேலையைக் கொடுத்தாள். அந்தப் போஸ்டரை அடித்ததும் அவள்தான்; அதற்காகக் கார்த்திகேசன் கொடுத்த முழுப் படமும் அவள் கணினியிலேயே இருந்தது.

தன் முதலாமாண்டு நினைவு நாளன்று, முழுப் படத்தையும் முழுக் கதையையும் போஸ்டராக அடித்து, பசை வாளியோடு உத்தமன் அந்த வீட்டுக்கே போனான். கார்த்திகேசன் கதவைத் திறந்தான்.

“டேய்... நீயா?”

“சாவடிச்ச உனக்கே டவுட்டா அண்ணாத்தே? என் தெவசத்துக்கு நானே ஒட்டிகினு கீறேன். அந்த முனைய அதே கையால புடி.”