மச்சினனுக்காகப் பேசியவர்

நாடு கடன்மேல் கடன் வாங்கி மினுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு ஓடியது. டிவி, மிக்ஸி, செருப்பு என்று எது விற்றாலும் அதற்கு ஒரு பெட்டி வேண்டுமே. பிறகு வெளிநாட்டுப் பணம் வற்றிப்போனது. காகித உருளைகளோடு வந்த கப்பல், காசைக் கண்ணில் காட்டினால்தான் சரக்கை இறக்குவேன் என்று துறைமுகத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. வாங்கிய கடனையெல்லாம் ஏப்பம் விட்ட பெரிய மனிதர்கள், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னார்கள். காகிதம் வந்திருந்தாலும்தான் என்ன? சோற்றுக்கே திண்டாடுகிறவன் மிக்ஸி வாங்கவா போகிறான்?

மூன்று ஷிப்டு ஒன்றாயிற்று. முதலாளி மேற்பார்வையாளரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஆறு பேரை நிறுத்தணும். ஆளுங்களை உனக்குத்தான் தெரியும், நீயே சொல்லு. மேற்பார்வைக்கும் இனிமே மூணு பேர் வேண்டாம், ஒருத்தர் போதும்."

அந்த மூன்று பேரில் தானும் ஒருவர் என்பது மேற்பார்வையாளருக்கு உடனே உறைத்தது. அவர் வாயிலிருந்து வந்த முதல் பெயர், அவருடைய மனைவியின் தம்பியுடையது. வெட்டு இயந்திரத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனை அங்கே சேர்த்துவிட்டதும் இவர்தான்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "உன் மச்சினனையா?"

"சொந்தக்காரனைக் காப்பாத்திட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

"உன்ன மாதிரி ஆள்தான் எனக்கு வேணும். நீ இரு" என்றார் முதலாளி.

நேர்மையாம் நேர்மை. தன் நாற்காலி ஆடாமல் இருக்க மச்சினனைப் பிடுங்கி முட்டுக் கொடுத்ததற்கு அப்படி ஒரு பெயர். தொழிற்சாலை வாசல் வரைக்கும் அந்தப் பெயர் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டில், தம்பிக்கு வேலை போன சேதி கேட்டு மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"அவனுக்கு ரெண்டு குழந்தைங்க. நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?"

"பேசாம இருப்பேனா? மல்லுக்கு நின்னேன். அவன அனுப்பினா நானும் வேலைய விட்டுடறேன்னே சொல்லிட்டேன்."

கெஞ்சிப் பார்த்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யிலும் மனுஷனுக்குக் கொஞ்சம் வீரம் தேவைப்பட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையும் பயமுமாக, அப்போதே தம்பிக்குப் போன் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மச்சினன் வந்தான். நல்லது கெட்டதுக்குப் போடும் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். அக்கா டீ போட உள்ளே போகும்வரை சும்மா இருந்தான்.

"முதலாளியப் போய்ப் பாத்தேன் அத்தான்."

மேற்பார்வையாளர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு?"

"எனக்காக வேலைய விடறேன்னீங்களாமே. அக்கா சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கணுமா? அத்தான் கோவத்துல சொல்லியிருப்பார், மனசுல வச்சுக்காதீங்கன்னு கேட்டுக்கத்தான் போனேன்."

"அவர் என்ன சொன்னார்?"

மச்சினன் தரையைப் பார்த்தான். "சிரிச்சார். அப்புறம் எல்லாத்தையும் சொன்னார்."

அவன் தன் சட்டையைப் பிடித்து உலுக்கினால்கூடத் தேவலை என்றிருந்தது மேற்பார்வையாளருக்கு. அவனோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் முன்னால் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தான்.

மனைவி டீயோடு வந்தாள். "முதலாளியப் பாக்கப் போறேன்னியே, பாத்தியா? என்னடா சொன்னார்?"

மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்தான் வேலைக்கு ஒண்ணும் ஆகாதாம்க்கா" என்றான் மச்சினன். "எனக்காக ரொம்பப் பேசியிருக்கார். முதலாளியே சொன்னார்."

அவள் கணவனைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் மிச்சமிருந்த சர்க்கரையையெல்லாம் போட்ட டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கப்பா இருந்திருந்தா உங்களக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்" என்றாள்.

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"குடிங்க அத்தான், ஆறிடப்போகுது" என்றான் மச்சினன்.

அவர் குடித்தார்.