நன்றியுரைக்கு முன்னால்

நெய்னா முகம்மது சாதாரண ஆள் இல்லை, 'நற்பண்பு நாவலர்'. பட்டம் கொடுத்தது சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சங்கம் ஒன்று. கொடுக்கலாம் என்று முன்மொழிந்தவர் அந்தச் சங்கத்தின் செயலாளர். செயலாளர் யாரென்றால், நெய்னா முகம்மது. நற்பண்பைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். வீட்டில் அதற்கு நேரம் ஒழிந்ததில்லை. ஏழு வருடம் அடி வாங்கிய மனைவி நூருன்னிசா, மார்க்க நீதிபதியான காதியாரிடம் போய் மணவிடுதலை வாங்கி, புக்கிட் மேராவில் ஓர் அறையில் தையல் மெஷினோடு குடியேறினாள்.

பிள்ளைகள் இரண்டும் தாயோடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தகப்பனோடு. இது காதியார் சொன்ன ஏற்பாடு. காலையில் பள்ளிவாசலில் பிள்ளைகள் ஓதி முடித்ததும் நெய்னா முகம்மதே அழைத்துப் போய்விடுவார். சாயங்காலம் திரும்ப வாங்குவதில்தான் கண்டம். அவர் வீட்டு மாடிப்படி இருட்டு. போன வாரம் அந்த இருட்டில் அவள் மணிக்கட்டை முறுக்கி, "அடுத்த வாரம் பிள்ளைங்க வராது. என்ன பண்ணுவ?" என்றார். மேல்படியில் ஜைனப் தன் தம்பி ரவூபின் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் நூருன்னிசா சங்கத் தலைவர் அப்துல் காதரின் ஜவுளிக்கடைக்குப் போனாள்.

"குடும்பச் சண்டையில சங்கம் தலையிடாது, தங்கச்சி."

"தலையிட வேணாம் காக்கா. ஞாயித்துக்கிழமை கூட்டத்து நிகழ்ச்சி நிரல்ல ஒரு வரி போடுங்க, போதும். பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்தல்னு. நாவலரோட பெருந்தன்மைய நாலு பேரு பாக்கட்டுமே."

தலைவர் முகம் மலர்ந்தது. பொன்னாடை போர்த்த ஆள் கிடைக்காமல் தவித்த மாதம் அது. "நல்லாத்தான் இருக்கு லா. எங்க போடலாம்?"

"நன்றியுரைக்கு முன்னால போடுங்க."

அவளுக்குத் தெரியும். கொடுத்த வாக்கையெல்லாம் காற்றில் விட்ட அந்த மனிதர், அச்சடித்த நிகழ்ச்சி நிரலை மட்டும் மீறியதே இல்லை. அதில் அவர் பெயர் இருக்குமே.

ஞாயிற்றுக்கிழமை நாவலர் 'பொறுமை' பற்றி முழங்கினார். கேட்டவர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள். பிறகு தலைவர் எழுந்து நிரலைப் படித்தார். கூட்டம் கை தட்டியது. நாவலர் வேறு வழியின்றி இரண்டு பிள்ளைகளையும் மேடைக்குக் கூட்டி வந்தார். நூருன்னிசா பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து போனாள்.

அவர் சிரித்த வாய் மாறாமல் முணுமுணுத்தார். "வெளிய வா, வச்சுக்கிறேன்."

"என்ன சொன்னீங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்களேன்."

சபை காதைத் தீட்டியது.

"பத்திரமா போங்கன்னு சொன்னேன்" என்றார் நாவலர்.

மறுபடியும் கைதட்டல். அந்தச் சூட்டில் தலைவர், இனி வாராவாரம் இந்த நிகழ்ச்சி உண்டு என்று அறிவித்து, பொன்னாடையை நாவலர் தோளில் போர்த்தினார். "அடுத்து, நமது செயலாளரின் நன்றியுரை."

செயலாளரின் நன்றியுரை அரை மணிக்குக் குறைந்து முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் "பேரன்புமிக்க தலைவர் அவர்களே" என்று தொடங்கும்போதே நூருன்னிசா பிள்ளைகளோடு படியிறங்கிவிட்டாள். பொன்னாடையோடு மைக்கை விட்டுவிட்டு எந்த நாவலர் ஓடி வருவார்?

பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒலிபெருக்கி துணைக்கு வந்தது. பந்தல்காரருக்கு நன்றி. நாற்காலி தந்தவருக்கு நன்றி. கச்சான் பூத்தே வறுகடலை வாங்கிப் பொட்டலத்தை ரவூபிடம் கொடுத்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது.

பஸ் வந்தது. சன்னலோரம் உட்கார்ந்த ரவூப் கேட்டான். "வாப்பா பின்னாடியே வருவாங்களா உம்மா?"

ஜைனப் தம்பியின் பொட்டலத்தில் கைவிட்டு ஒரு பிடி கடலையை அள்ளினாள்.

"இப்பத்தான் லா குடிதண்ணி கொடுத்தவங்களுக்கு நன்றி சொல்றாங்க. இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கு."